நோராவுக்கு வந்த கடிதம்

அத்தியாயம் 14

மதலைமுத்துவையும் அவர் மனைவி சவரியம்மாளையும் தங்கவயலில் விடியற்கால ரயிலில் ஏற்றிவிட்டு, போன வாரம் நாம் நிறுத்திக்கொண்டோம். ரயில் நமக்காகக் காத்திருக்குமா? பௌரிங்பேட்டையில் அவர்களை வண்டி மாற்றி, ஒயிட்ஃபீல்டு தாண்டி, ஒன்பதரை மணிக்கெல்லாம் பெங்களூர் தண்டு என்கிற கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறக்கிவிட்டது.

இடையில் வந்து சேர்ந்த வாசகர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மதலைமுத்து தங்கவயல் சாம்பியன் ரீஃப்ஸ் தபாலாபீஸில் முப்பத்தொரு வருஷமாகத் தபால்காரர். மூத்த மகள் பியாட்ரிஸ் பெங்களூரில் பள்ளிக்கூட டீச்சர். இளையவள் நோரா மூன்று வருஷத்துக்கு முன், பதினாறாம் வயதில், க்ஷயரோகத்தில் போய்விட்டாள்.

நோரா படுக்கையில் கிடந்த மாதங்களில் அவளுக்கு இருந்த ஒரே பிடிப்பு, தியோடர் சற்குணம் வாரப் பத்திரிகையில் எழுதிவந்த தொடர்கதை. வீட்டைவிட்டுப் போன அப்பாவைத் தேடி ரங்கூனுக்குக் கப்பலேறிய செல்லத்தின் கதை. பினாங்கிலிருந்து யாழ்ப்பாணம் வரை செல்லத்துக்காக அழாத தமிழ் வீடு கிடையாது என்பார்கள். வெள்ளிக்கிழமைதோறும் நோரா உரக்கப் படிப்பாள். எழுத்துத் தெரியாத சவரியம்மாள் அரிசியில் கல் பொறுக்கியபடி கேட்பாள்.

செல்லம் அப்பாவைக் கண்டுபிடிப்பாளா என்று கேட்டு நோரா ஆசிரியருக்கு ஒரு கடிதம் போட்டாள். கதை முடியும்வரை தான் இருக்கப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பதில் வரவில்லை. ஊருக்கெல்லாம் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்த மனிதர் தன் வீட்டுக்கு மட்டும் தினமும் வெறுங்கையோடு வந்தார். "வந்துச்சாப்பா?" என்று கேட்பதையும் விட்டுவிட்டு அவள் வெறுமனே வாசலைப் பார்க்க ஆரம்பித்தபோது, மதலைமுத்துவுக்குத் தாங்கவில்லை. பதிலைத் தாமே எழுதினார். நல்ல தாளில், எழுத்தைச் சாய்த்து, ஆசிரியர் எழுதியதுபோல. செல்லம் ரங்கூன் துறைமுகத்தில் இறங்கியவுடனே அப்பாவைக் கண்டுவிடுகிறாள், இருவரும் அடுத்த கப்பலில் ஊர் திரும்புகிறார்கள் என்று முடிவையும் எழுதினார். அவரே அதை நோராவுக்குப் படித்துக் காட்டினார். மூன்றாம் நாள் அவள் போனாள். அந்தக் கடிதத்தை ஜெபமாலையோடு சேர்த்து அவள் கையில் வைத்துத்தான் பெட்டியை மூடினார்கள்.

அதை எழுதியது யார் என்பது மதலைமுத்துவுக்கும் நமக்கும் மட்டும்தான் தெரியும்.

ஸ்டேஷனில் பியாட்ரிஸ் காத்திருந்தாள். அம்மா கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

"கால் வலி எப்படிப்பா இருக்கு?"

"இருக்குது," என்றார் மதலைமுத்து.

அந்தக் கால் வலிக்கு வயது பதினைந்து நாள். தியோடர் சற்குணம் வாழ்ந்த வீட்டை நவம்பர் கடைசியோடு விற்கப்போகிறார்கள், அம்மா பார்க்க ஆசைப்பட்டால் இப்போதே வரவேண்டும் என்று பியாட்ரிஸ் எழுதிய கடிதம் வந்த அன்று தொடங்கிய வலி அது. முப்பத்தொரு வருஷம் நாளுக்குப் பத்து மைல் நடந்த கால் திடீரென்று மக்கர் செய்தால் யார் நம்புவார்கள்? சவரியம்மாள் நம்பினாள். விளக்கெண்ணெயைச் சுடவைத்துத் தேய்த்துவிட்டு, டிக்கெட்டுக்குச் சொல்லச் சொன்னாள்.

ஜட்காவில் ஏறி உட்கார்ந்ததும் அவள் பையைத் திறந்து ஒருமுறை சரிபார்த்தாள். ஒரு டின் நிறைய, வீட்டில் பொரித்த கல்கல் பலகாரம். பழைய துணியில் சுற்றிய இரண்டு மெழுகுவர்த்தி. ஒன்று ஆசிரியர் வீட்டுக்கு, ஒன்று ஊர் திரும்பியதும் நோராவின் கல்லறைக்கு.

"அவருக்காக ஒரு பூசை வெச்சுட்டேன் பியாட்ரிஸ். கல்லறைத் திருநாள் அன்னிக்கே."

"அவர் நம்ம சபை இல்லையேம்மா. சாமியார் ஒண்ணும் சொல்லலையா?"

"கேட்டாரு. அவரு எந்த சபைம்மான்னு. சீக்காளிப் பொண்ணுக்குப் பதில் போடுற சபை சாமின்னேன். அப்புறம் பேசாம எழுதிக்கினாரு."

பியாட்ரிஸ் சிரித்தாள். மதலைமுத்து குதிரையின் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னமோ போ," என்றாள் சவரியம்மாள். "எம் பொண்ணு வெறுங்கையோட போகல. அவ்ளோ பெரிய மனுசன் கைப்பட எழுதுனதை வெச்சுக்கினுதான் போனா. அதை நெனச்சுத்தான் நான் மூணு வருசமா சோறு துன்றேன்."

இதைக் கேட்டபோது மதலைமுத்துவுக்கு எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமானால், அவர் நம்மிடமும் மறைத்த ஒன்றை இப்போது சொல்லியாக வேண்டும்.

பதில் வந்தது. உண்மையான பதில். நோராவை அடக்கம் செய்த ஒன்பதாம் நாள்.

அன்று காலை தபால் பிரிக்கும் மேஜையில், கட்டை அவிழ்த்ததும் மேலேயே இருந்தது. நீளமான உறை. செல்வி நோரா என்று பெயர். மூலையில் தியோடர் சற்குணம், பிரேசர் டவுன், பெங்களூர். அவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றார் என்று அவருக்கே தெரியாது.

வீட்டுக்குக் கொண்டுபோகலாம். கொண்டுபோனால், அப்படியானால் பெட்டியில் வைத்தது யாருடையது என்று சவரி கேட்பாள். கிழித்துப் போடலாம். ஆனால் பிறர் கடிதத்தைக் கிழிக்கும் கை தபால்காரனுக்குக் கிடையாது. மதலைமுத்து அந்த விஷயத்தில் மகா வைதிகர். மழையில் நனைந்த கடிதத்தைக்கூட அடுப்படியில் காயவைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பவர். பிறகு என்ன செய்வது? இறந்தவர் பெயருக்கு வரும் கடிதத்தை என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தார். காதில் செருகியிருந்த சிவப்புப் பென்சிலை எடுத்தார். விஷக்காய்ச்சல் வருஷத்தில் ஒரே நாளில் பதினொரு உறையில் எழுதிய அதே வரியை எழுதினார். திரும்பிப்போகும் கடிதக் கட்டோடு சேர்த்தார்.

கை அதைச் செய்து முடித்துவிட்டது. மனசுக்கு விஷயம் எட்டியபோது பை கட்டி முத்திரை வைத்தாகிவிட்டது.

அதற்குப் பிறகு ஆசிரியரும் கதையைப் பாதியில் நிறுத்தினார். ஏழு மாதத்தில் அவரும் காலமானார். அந்த உறை எங்கோ தொலைந்திருக்கும் என்று மதலைமுத்து தமக்குத் தாமே ஆயிரம் முறை சொல்லிக்கொண்டிருக்கிறார். கோல்ஸ் ரோட்டில் ஜட்கா திரும்பும்போது ஆயிரத்தொன்றாவது முறையும் சொல்லிக்கொண்டார்.

"அந்தக் கதைக்காரர் வீடா சாப்?" என்று ஜட்காக்காரர் கேட்டார். "நேத்துகூட ரெண்டு சவாரி கொண்டாந்து விட்டேன். ஒருத்தர் கொளும்பு. பாவம், வூட்டைப் பார்த்து அழுதுட்டாரு."

வீடு மாஸ்க் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சின்னத் தெருவில் இருந்தது. மரச்சட்டம் பின்னிய கூம்பு முகப்பு, சிவப்புச் சிமெண்டுத் தரை, முன்னால் ஒரு கொய்யா மரம். கேட்டுத் தூணில் வாசகர் சங்கத்தார் பதித்த சலவைக்கல்லில் ஆசிரியர் பெயரும் இரண்டு தேதிகளும் இருந்தன. சவரியம்மாள் அந்தக் கல்லைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

கதவைத் திறந்தவர் ஆசிரியரின் தங்கை பிளாரன்ஸ் அம்மாள். கல்யாணம் செய்துகொள்ளாமல் அண்ணனோடே இருந்துவிட்டவர். அறுபது வயதிருக்கும். வெள்ளைச் சேலை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட கண்ணாடி.

"வாங்க. செருப்பை இப்படி விட்டுடுங்க. தரை ஜில்லுனு இருக்கும், பார்த்து," என்றார். கூடத்தில் கிடந்த பெரிய நோட்டில் மூன்று பேருக்கும் சேர்த்து பியாட்ரிஸ் கையெழுத்துப் போட்டாள். வெறும் பெயர்கள்தான். ஊர் எழுதவில்லை.

எழுதும் அறை மூலையில் இருந்தது. ஜன்னலோரம் ஒரு மேஜை, ஒரு பிரம்பு நாற்காலி. மேஜையின் குட்டைக் காலுக்கடியில் பழைய பஞ்சாங்கத்தை மடித்து வைத்திருந்தார்கள். காய்ந்துபோன மைப்புட்டி. பக்கத்தில் கஷாயச் சொம்பு.

"இவ்ளோ சின்ன மேசையா?" என்றாள் சவரியம்மாள். கப்பலும் கடலும் ரங்கூனும் அதிலிருந்து வந்தன என்பதை அவளால் நம்ப முடியவில்லை.

"உட்கார்ந்து பாருங்கம்மா. வர்றவங்க எல்லாரும் உட்காருவாங்க."

"ஐயோ, வேணாங்க. அவரு உக்காந்த எடம்." நாற்காலியின் கையை மட்டும் தடவிப் பார்த்தாள்.

"புதன்கிழமை மட்டும்தான் இதுல உட்காருவார்," என்றார் பிளாரன்ஸ் அம்மாள். "காலையில உட்கார்ந்தா சாயங்காலத்துக்குள்ள அந்த வாரத்துக் கதையை முடிச்சு அனுப்பணும். புதன்கிழமை காலை வரைக்கும் செல்லத்துக்கு என்ன ஆகப்போகுதுன்னு அவருக்கே தெரியாது. கேட்டா கோபம் வரும்."

இந்த இடத்தில் அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வாரக் கதை எழுதுகிறவர்கள் எல்லோருடைய ஜாதகமும் ஏறக்குறைய அதுதான்.

மதலைமுத்து மேஜையைப் பார்க்கவில்லை. சுவரோரம் இருந்த கண்ணாடி பீரோவைப் பார்த்தார். உள்ளே வாசகர் கடிதங்கள் ஊர் ஊராகக் கட்டி வைக்கப்பட்டிருந்தன. அவர் கண்ணுக்குப் பெயர்கள் தெரிவதற்கு முன்னால் முத்திரைகள் தெரிந்தன. கோயமுத்தூர். தூத்துக்குடி. ஈப்போ. தங்கவயல் முத்திரை எங்கும் தென்படவில்லை. அவருக்கு மூச்சு கொஞ்சம் சீராக வந்தது.

சவரியம்மாள் டின்னைத் திறந்து கல்கல்லைத் தட்டில் கொட்டிக் கொடுத்தாள். மெழுகுவர்த்தி ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இத்த ஏத்தணும்னு இல்லீங்க. சும்மா இருக்கட்டும். எங்க பொண்ணுக்கு உங்க அண்ணன் செஞ்சதுக்கு நாங்க வேற என்ன செய்வோம். சாவப்போற பொண்ணுக்குப் பதில் எழுதிப் போட்டாருங்க. கதை எப்படி முடியும்னு முன்னாலயே சொல்லிட்டாரு."

பிளாரன்ஸ் அம்மாள் புரியாமல் பார்த்தார். "முடிவைச் சொன்னாரா? அண்ணனா?"

"ஆமாங்க. அந்தக் காயிதத்தைப் பொண்ணு கையில வெச்சுத்தான் அனுப்புனோம்."

"எந்த ஊரும்மா நீங்க?"

"தங்கவயலு."

"உங்க பொண்ணு பேரு?"

"நேரமாகுது சவரி," என்றார் மதலைமுத்து. "ரயிலுக்கு..."

"ரயிலு நாலு மணிக்குங்க," என்றாள் அவள். "பேரு நோரா."

பிளாரன்ஸ் அம்மாள் கல்கல் தட்டைக் கீழே வைத்தார். மேஜையின் இழுப்பறையைத் திறந்தார். பீரோவில் இல்லாத கடிதம் அங்கே இருந்தது. நீளமான உறை, மூலைகள் பழுப்பேறி, பிரிக்காமலேயே.

"அண்ணன் எழுதினதுதான். ஆனா உங்களுக்கு வந்து சேரலையேம்மா. திரும்பி வந்துடுச்சு. இதைக் கண்ணாடிக்குள்ள வைக்கணும், பிரிச்சுப் பார்க்கணும்னு சங்கத்துக்காரங்க எவ்வளவோ கேட்டாங்க. ஒரு பொண்ணு பேருக்கு எழுதினதை நான் எப்படிப் பிரிப்பேன்? கொடுக்க முடியாதுன்னுட்டேன்."

பியாட்ரிஸ் உறையை வாங்கினாள். சவரியம்மாள் மகளின் தோள்வழியாக எட்டிப் பார்த்தாள்.

"செவப்பா என்னமோ எழுதியிருக்குதே. இன்னா அது?"

பியாட்ரிஸ் படிக்கவில்லை. முதன்முதலாக அவளுக்குப் பலகையில் எழுதிக் கொடுத்துப் பழக்கியது அந்தக் கையெழுத்து. மாதாமாதம் அவளுக்குக் கடிதம் எழுதுவதும் அதுதான். அவள் தலையைத் திருப்பி அப்பாவைப் பார்த்தாள்.

"படிடி."

"விலாசதாரர் காலமானார். அனுப்பியவருக்குத் திருப்பவும்."

"யாரு எழுதுனது?"

"அந்த ஊர்த் தபால்காரர் எழுதுவாங்கம்மா," என்றார் பிளாரன்ஸ் அம்மாள். "அவங்களுக்கு அது ரூல். அவங்களைச் சொல்லிக் குத்தமில்லை."

தபால்காரர் அங்கேதான் நின்றுகொண்டிருக்கிறார் என்று அந்த அம்மாளுக்கு எப்படித் தெரியும்? மதலைமுத்து காக்கிச் சட்டையை வீட்டில் விட்டுவிட்டு, பியாட்ரிஸ் வாங்கித் தந்த கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

சவரியம்மாள் மெதுவாகத் திரும்பினாள்.

"நான்தான் சவரி," என்றார் அவர்.

"நீங்களா."

"அடக்கம் முடிஞ்சு ஒம்பதாம் நாளு வந்துது."

அவள் கணக்குப் போட்டாள். கணக்குப் போடுவது அவள் முகத்தில் தெரிந்தது. அது முடிவதற்குள் தரை பிளந்து தம்மை விழுங்கிவிடக் கூடாதா என்று மதலைமுத்துவுக்கு இருந்தது.

"அப்போ பொட்டியில வெச்சமே. அது?"

"அதுவும் நான்தான்."

ஜன்னலுக்கு வெளியே கொய்யா மரத்தில் அணில் கத்திக்கொண்டிருந்தது. பிளாரன்ஸ் அம்மாள் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். சவரியம்மாள் அழவில்லை, கத்தவில்லை. சற்றுமுன் உட்கார மறுத்த பிரம்பு நாற்காலியில், அது யாருடையது என்ற நினைவே இல்லாமல் உட்கார்ந்துவிட்டாள்.

உட்கார்ந்தபடியே, "பிரிங்க," என்றாள்.

மதலைமுத்து கையை நீட்டினார். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு வந்த எல்லாக் கடிதத்தையும் படித்துச் சொன்னவர் அவர்தான். அந்தப் பழக்கத்தில் நீட்டினார்.

"நீங்க வேணாம். பியாட்ரிஸ் படிக்கட்டும்."

நீட்டிய கையை அவர் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். அதற்குள் சிவப்புப் பென்சில் கிடந்தது. கோட்டு மாறினாலும் பென்சில் மாறவில்லை.

பியாட்ரிஸ் ஓரத்தை மெல்லக் கிழித்தாள். வகுப்பில் படிக்கிற குரலில்தான் ஆரம்பித்தாள்.

"அன்புள்ள நோராவுக்கு. உன் கடிதம் சென்னைக்குப் போய், பத்திரிகை ஆபீஸில் மூன்று வாரம் தூங்கிவிட்டு, போன சனிக்கிழமைதான் என் மேஜைக்கு வந்தது. தாமதத்துக்கு என்னை மன்னித்துக்கொள். செல்லம் அப்பாவைக் கண்டுபிடிப்பாளா என்று கேட்டிருக்கிறாய். சத்தியமாக எனக்குத் தெரியாது, அம்மா. மூன்று முடிவு யோசித்தேன். மூன்றையும் கிழித்தேன். உனக்கு இருமல் என்று எழுதியிருக்கிறாய். எனக்கும் அதே சங்கடம்தான். ஆகவே இருமல்காரர்கள் இருவரும் ஒரு ஒப்பந்தம் செய்துகொள்வோம். முடிவை நீ சொல். நான் எழுதுகிறேன்."

அவள் தாளைத் திருப்பினாள். மீதியைப் படித்தாள்.

"அவசரமில்லை. நிதானமாக யோசித்து எழுது. உன் பதில் வரும்வரை கப்பலைக் கரைக்குக் கொண்டுவர மாட்டேன். வாசகர்கள் திட்டினால் நான் பட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தியோடர் சற்குணம்."

முதலில் பேசியவர் பிளாரன்ஸ் அம்மாள். மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இப்போதான் புரியுது. இது திரும்பி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. மறுநாள் புதன்கிழமை. வழக்கம்போலக் காலையில உட்கார்ந்தார். சாயங்காலம் விளக்கு கொண்டுவந்தப்போ காகிதம் அப்படியே வெள்ளையா இருந்தது. என்னண்ணான்னு கேட்டேன். பதில் வந்துடுச்சு பிளாரின்னு மட்டும் சொன்னார். ஆசிரியருக்கு உடம்பு சரியில்லைன்னு பத்திரிகையில போட்டாங்க. உடம்பு சரியில்லாமப் போனது அப்புறம்தான். திரும்ப அவர் எழுதவே இல்லை. கப்பல் கடைசிவரைக்கும் கரைக்கு வரலை."

தேசமெல்லாம் காத்திருந்த கதையை நிறுத்தியது வியாதி என்றுதான் மூன்று வருஷமாக எல்லோரும் சொன்னார்கள். மதலைமுத்துவும் சொல்லியிருக்கிறார். அதை நிறுத்தியது ஒரு தபால்காரனின் ஒரு வரி. சொந்த மகளின் கடிதத்தை வாங்கிக்கொள்ளப் பயந்த கையெழுத்து.

"நான் கெட்ட எண்ணத்துல செய்யல சவரி," என்றார். "அவ வாசலையே பார்த்துக்கினு கெடந்தா. உனக்கே தெரியும். நான் எழுதுனதைப் படிச்சப்போ சிரிச்சா. நான் என் கண்ணால பார்த்தேன்."

"உங்களுக்காகச் சிரிச்சா," என்றாள் சவரியம்மாள்.

அவள் இன்னும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மெழுகுவர்த்தியைப் பார்த்துப் பேசினாள்.

"மறுநாள் காலையில வெந்நீர்ல ஒடம்பு தொடைச்சு விட்டுக்கினு இருந்தேன். கப்பல் இவ்ளோ சீக்கிரம் கரைக்கு வந்திருக்க வேணாம்மா, இன்னும் கொஞ்ச நாளு கடல்லயே இருந்திருக்கலாம்னா. எனக்கு ஒண்ணும் வெளங்கல. காய்ச்சல்ல பேசுறான்னு நெனச்சேன். பேசாம கெடடின்னுட்டேன்."

பியாட்ரிஸ் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் தலையைத் தன் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் சவரியம்மாள் அழுதாள். மதலைமுத்து அறையின் நடுவில் நின்றார். கூப்பிட்டால் போகலாம் என்று நின்றார். யாரும் கூப்பிடவில்லை.

தாம் மகளுக்குக் கொடுத்த கடைசிச் சந்தோஷம் என்று மூன்று வருஷமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஒன்று அவர் கையைவிட்டுப் போய்விட்டது. எழுதியது யார் என்று தெரிந்தேதான் அவள் அவரைத் தேற்றுவதற்காகச் சிரித்திருக்கிறாள். சாகப்போகிற பெண் அப்பாவுக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறாள்.

விடைபெறும்போது பிளாரன்ஸ் அம்மாள் உறையை எடுத்துச் சவரியம்மாளிடம் கொடுத்தார். "இது உங்களுடையது. வீடு கைமாறும்போது இதை என்ன செய்யறதுன்னுதான் ராத்திரி பகலா யோசிச்சேன்." மதலைமுத்துவுக்குத் தலையை மட்டும் அசைத்தார்.

மத்தியானம் பியாட்ரிஸின் அறையில் சோறு போட்டார்கள். மூன்று பேரும் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டார்கள். உப்பு அதிகமா என்று பியாட்ரிஸ் கேட்டதற்கு இரண்டு பேரும் சேர்ந்து இல்லை என்றார்கள். அன்று அவர்கள் சேர்ந்து சொன்னது அது ஒன்றுதான்.

மூன்றரை மணிக்கு ஸ்டேஷன். மதலைமுத்து ஜன்னலோரம் இடம் பிடித்து, பக்கத்து இடத்தில் துண்டை விரித்துவிட்டு எட்டிப் பார்த்தார். சவரியம்மாள் பிளாட்பாரத்திலேயே நின்றாள். பை பியாட்ரிஸ் கையில் இருந்தது.

"ஏறு சவரி. மணி அடிச்சுட்டாங்க."

"நீங்க போங்க. நான் இவகூட இருந்துட்டு வரேன்."

கல்யாணமான இருபத்தெட்டு வருஷத்தில் அவரை விட்டு ஒரு நாள் அவள் தனியே தங்கியதில்லை. பிரசவங்களைக்கூடத் தாய்வீடு போகாமல், தங்கவயலில் தங்கள் லைன் வீட்டிலேயே பார்த்துக்கொண்டவள். மதலைமுத்து மகளைப் பார்த்தார். பியாட்ரிஸ் ரயில் சக்கரத்தைப் பார்த்தாள்.

சவரியம்மாள் பையிலிருந்து துணியில் சுற்றிய இரண்டாவது மெழுகுவர்த்தியை எடுத்தாள். அதோடு அந்த உறையையும் எடுத்து ஜன்னல் கம்பிக்குள் நீட்டினாள்.

"இத்தக் கொண்டுபோய்க் குடுத்துடுங்க."

"யாருக்கு?"

"மேல எழுதியிருக்குதில்ல. வெலாசம் உங்களுக்குத் தெரியாததா? உங்க வேலைதானே."

அவர் வாங்கிக்கொண்டார். மெழுகுவர்த்தியை மடியில் வைத்துக்கொண்டார்.

"படிச்சும் காட்டுங்க," என்றாள். "அதுல இருக்கிறதை மட்டும் படிங்க."

ரயில் அசைந்தது. அவள் இரண்டு எட்டு கூடவே நடந்துவந்தாள்.

"அந்தச் செவப்பை அழிச்சுட்டுக் குடுங்க."

கிருஷ்ணராஜபுரம் தாண்டும்வரை மதலைமுத்து உறையைப் பார்க்கவே இல்லை. பிறகு மடியில் வைத்து, கட்டைவிரலை நாக்கில் தொட்டு, மகளின் பெயருக்குக் குறுக்கே கிடந்த அந்த வரியைத் தேய்த்தார். சிவப்பு போகவில்லை. கலங்கி, பெயரின் மேலேயும் படர்ந்தது. சட்டை நுனியால் தேய்த்தார். கொஞ்சம் வெளுத்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர் என்ன பெரியவரே என்று கேட்டதற்கு, ஒரு கடிதம் பட்டுவாடா பண்ணணும் என்றார்.

தேய்த்துக்கொண்டே இருந்தார். பௌரிங்பேட்டையில் வண்டி மாற இறங்கும்போதுதான், பக்கத்து இடத்தில் விரித்த துண்டைக் கையில் எடுக்கும்போதுதான், எப்போது வருவாய் என்று அவளைக் கேட்கவில்லை என்பது அவருக்கு நினைவு வந்தது.